அப்படி ஒரு பெண் இங்கே இல்லை

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் ஃபைலோடு ஒருவன் வந்து யாரையாவது பெயர் சொல்லிக் கேட்டால், அந்த ஆள் பக்கத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் "தெரியாது" என்று சொல்லிவிடுவோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டை அளக்க வந்தவன், நோட்டீஸ் ஒட்ட வந்தவன் என்று ஃபைலோடு வந்த எவனும் இதுவரை நல்ல சேதி கொண்டுவந்ததில்லை.

என் மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஆறு மாதம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பட்டம். இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். செம்பூரில் ஒரு கம்பெனி அவளை எடுத்தது. அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தைத்து வரும் ஜீன்ஸ் பேன்ட்டுகளில் தொங்கும் நூலை வெட்டிக் கொடுப்பது என் வேலை. எனக்கு வேலை தந்தவர் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, வெட்டிக் காட்டு என்றார், அவ்வளவுதான். இவர்களோ ஆதார் கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள், பிறகு ரேஷன் கார்டும் கேட்டார்கள்.

"ரேஷன் கார்டு எதுக்காம்? அரிசி வாங்கித் தரப் போறானா?"

"யம்மா, எல்லாக் கம்பெனியிலயும் கேப்பாவ. நீ சும்மா இரி."

சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போய் அந்த ஆபீஸைப் பார்த்துவிட்டு வந்தேன். இனிப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. போர்டு இருந்தது. போர்டு யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். கண்ணாடிக் கதவில் என் முகம்தான் தெரிந்தது, உள்ளே யாரும் தெரியவில்லை. ஒழுங்காகத் தொழில் நடத்துகிறவன் எதற்குக் கண்ணாடியைக் கறுப்பாக்குகிறான் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மகள் காலேஜுக்குப் போயிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். ஃபைலோடு ஒருவன் வந்து, இந்தியில் என் மகள் பெயரை முழுசாகச் சொன்னான். போனை எங்கள் கதவுக்கு நேராகப் பிடித்திருந்தான்.

அப்படி ஒரு பெண் இங்கே இல்லை என்றேன்.

அவன் எதிர்வீட்டு மதினியிடம் கேட்டான். மதினி என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்படிப் பெயரே கேட்டதில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் ஏதோ எழுதிக்கொண்டு போனான்.

"எவன்ளா அவன்?"

"சர்வேக்காரனா இருக்கும் மதினி."

"பிள்ளை பேரை வேற தெரிஞ்சு வச்சிருக்கான் பாரு."

இருவரும் டீ போட்டுக் குடித்தோம். பெரிய ஆபத்தைத் துரத்திவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் மகள் போனைப் பார்த்தபடியே வந்தாள். விலாசம் சரிபார்க்கக் கம்பெனி ஓர் ஆளை அனுப்பியதாகவும், கொடுத்த விலாசத்தில் அவள் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

"யம்மா, இன்னைக்கு யாரும் வந்தாவளா?"

"ஒருத்தன் வந்தான்."

"என்ன சொன்ன?"

"நீ இங்க இல்லன்னேன்."

அவள் சத்தம் போடவில்லை. பேன்ட் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். "இது போச்சுன்னா எனக்கு ஒரு வருஷம் போச்சும்மா." நான் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தேன். பெல்ட் மாட்டும் வளையத்தையே வெட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அவள் எங்கெங்கோ பேசி, அவனை வியாழக்கிழமை மறுபடி வரச் சம்மதிக்க வைத்தாள். ஆனால் இந்தத் தடவை பக்கத்து வீட்டார் ஒருவர் கையெழுத்தும் வேண்டுமாம். வியாழக்கிழமை அவன் வந்து நின்றதும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மதினியிடம் போனோம்.

"அன்னைக்கு இல்லன்னுட்டு இன்னைக்கு உண்டுன்னா, என்னையத்தானே பொய்க்காரிம்பான்? நாளைக்கு வீட்ட அளக்க வரும்போது இந்தக் கையெழுத்த நீட்டுனா நான் எங்க போவேன்?"

அவள் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். மகள் ஆங்கிலத் தாளை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். மதினி முழுக்கக் கேட்டாள்.

"நீ படிச்சது சரி. அதுல எழுதியிருக்கதும் அதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, வெறுமையான பின்பக்கத்தை என் முன்னால் வைத்தாள். "நீ இதுல ஒரு கையெழுத்துப் போட்டுத் தா. எனக்கு ஒண்ணுன்னா உன்னையும் சேத்து இழுப்பேன்."

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் ஒரு முட்டாள்தனம் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவள் நான். போட்டேன். மதினியும் கம்பெனித் தாளில் போட்டாள்.

வாசலில் நின்றவன் என்னை உற்றுப் பார்த்தான். "அன்றைக்கும் நீங்கள்தானே இருந்தீர்கள்?" என்று இந்தியில் கேட்டான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். ஏன் வேண்டாம் என்றான் என்று அதையும் யோசித்தேன்.

இப்போது மகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு தினமும் செம்பூர் போகிறாள். அந்தக் கறுப்புக் கதவு அட்டையைக் காட்டினால் திறக்குமாம். மூன்று மாதம் முடிந்தது. நாள்காட்டித் தாள் மதினி வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கறிவேப்பிலை கேட்கப் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

போன வாரம் கேட்டே விட்டேன். "மதினி, அந்தத் தாளத் தந்திருங்களேன்."

"பிள்ளை சர்டிபிகேட் வாங்கட்டும்ளா," என்றாள், கறிவேப்பிலையை உருவிக்கொண்டே.