இரு படைக்கும் ஒரே மண்

ஊர் சுற்றக் கிளம்பியபோது மற்றவர்கள் என்னிடம் சாக்லேட் கேட்டார்கள். சித்தப்பா மண் கேட்டார். போகிற இடத்திலெல்லாம் ஒரு பிடி எடுத்து வா, பொடிமண்ணாக இருக்கட்டும் என்றார். நான் கொண்டுவந்தவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது ஓர் எரிமலைத் தீவின் கடற்கரையில் அள்ளிய கருமணல். வெளிச்சத்தில் சாய்த்தால் பச்சைப் பொறிகள் மினுங்கும். ஈரமும் பூச்சியும் போக வேண்டும் என்று அதைச் சித்தியின் வாணலியில் போட்டு வறுத்தார். அந்த வாணலி அதோடு அடுப்படிக்குத் திரும்பவே இல்லை.

சித்தப்பாவுக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் விரல் உயர வீரர்களுக்கு வண்ணம் பூசுவார். வீரனுக்கொன்றாகக் காசளவு வட்டத் தட்டுகளில் பசை தடவி, மண் தூவி, நிலமாக்கி, அதன்மேல் அவர்களை நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை, பகடை உருட்டி மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கு அவர்களைக் கூட்டிப்போவார். நாங்கள் பொம்மை என்போம். அவர் படை என்று திருத்துவார். சுத்த வெள்ளையை எதற்கும் தொடமாட்டார். வெள்ளைக் குதிரைக்கும் துளி மஞ்சள் கலப்பார். பளீர் வெள்ளையில் பல் இருந்தால் எவன் நம்புவான், குதிரையும் அப்படித்தான் என்பது அவர் கட்சி.

நான் வந்து அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கிய சில நாட்களிலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்தது. டீயைப் பாதி டம்ளருக்கு மேல் ஊற்றிக்கொள்வதில்லை. சட்டைப் பொத்தானைக் கதவுக்குப் பின்னால் நின்று போட்டார். கூடத்தில் அவரைப் பல் செதுக்கும் மேசையிலிருந்து அச்சு மாவு கலக்கும் பக்கம் மாற்றியிருந்தார்கள். அதைப் பதவி உயர்வு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். கை நடுங்குகிறது. அது எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது வேறு. அலமாரியில் புதிதாக நின்ற வில்லாளிகளின் முகத்தில் கருவிழி இருந்தது, கருவிழிக்குள் ஊசிமுனை வெளிச்சமும் இருந்தது. டம்ளரைப் பிடிக்க முடியாத கை இதை எப்படித் தீட்டியது?

இது வீட்டோடு போகிற விஷயமில்லை. படை வைத்து ஆடுகிறவர்கள் கூடும் மன்றம் டயர் கடைக்கு மேலிருந்த நீளமான அறை. அதன் சுவரில் பெரிதாக ஒரே விதி: அவரவர் தீட்டிய படையே களம் இறங்கும். வெளியே தீட்டி வாங்கிய படையோடு வந்த ஒருவரை, செயலாளராக இருந்த மருந்துக்கடைக்காரர் பெட்டியோடு படியிறக்கியிருக்கிறார். சித்தப்பாவுக்கு அந்த மேசையை விட்டால் போக்கிடம் கிடையாது. சினிமா பிடிக்காது, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் தலைவலி வந்துவிடும்.

முதலில் சித்தியைத்தான் சந்தேகப்பட்டேன். அவள் கைவேலைக்காரி. ஆனால் சித்திக்கே தனியாக ஒரு சந்தேகம் இருந்தது.

"வியாழக்கிழமையானா பெட்டியத் தூக்கிட்டுப் போறார்டி. திரும்பி வரும்போது முகத்துல ஒரு களை. பொம்மையக் காட்டி எவளையோ மயக்குறார் போல."

"யாராவது மயங்குவாங்களா சித்தி?"

"நான் மயங்கலையா? எல்லாம் என் நேரம்."

இன்னொன்றும் உறுத்தியது. சித்தப்பா மண் தூவி முடித்த தட்டுகள் அவருடைய வீரர்களைவிட அதிகமாக இருந்தன. மிச்சம் யாருக்கு என்று கேட்டேன். போரென்றால் கையிருப்பு வேண்டாமா என்று சிரித்துவிட்டுப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

அந்த ஞாயிறு நானும் மன்றத்துக்குப் போனேன். அங்கே எல்லோரும் பயப்படுவது கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவருக்கு. மன்றத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் லென்ஸ். அடுத்தவர் பகடையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரே பக்கம் மேலே திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆட உட்காருவார். அளவு நாடாவையே இன்னொரு நாடாவால் அளப்பார். எந்தப் படை வந்தாலும் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலசிவிடுவார். சித்தப்பாவின் வில்லாளி ஒருவனை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தவர், இடது கண் சரியாக வரவில்லை என்று முகத்தைச் சுளித்தார். சித்தப்பா தலையாட்டி ஏற்றுக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. லென்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவருடைய குதிரைப்படையை நானும் தூக்கிப் பார்த்தேன்.

குளம்புகளுக்கு அடியில் என் கருமணல். பச்சைப் பொறியோடு.

திருடியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவருக்கு மடியில் கனம் இருக்கத்தானே வேண்டும். சித்தப்பாவிடம் சொன்னால் மழுப்புவார் என்று தெரிந்ததால், வியாழக்கிழமை மாலை அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். அவர் பெட்டியோடு நுழைந்தது லென்ஸின் கடிகாரக் கடைக்குள். பாதி இறக்கிய ஷட்டருக்கு ஓரமாக நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சித்தப்பா பெட்டியிலிருந்து மண் தட்டுகளை எடுத்துக் கொடுத்தார். லென்ஸ் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ஒரு துகளும் உதிரவில்லை என்று உறுதியான பிறகு மேசைமேல் வைத்தார். பிறகு சித்தப்பாவின் வீரன் ஒருவனை எடுத்து, மூச்சை அடக்கி, ஒற்றை மயிர்ப் பிரஷால் கண் வைத்தார். சித்தப்பா முக்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

"எப்பலேர்ந்து சித்தப்பா கை நடுங்குது?"

அவர் நிற்கவில்லை. "உளவு பாக்கத்தான் ஊரெல்லாம் சுத்திட்டு வந்தியா?"

"சித்திக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா டாக்டர், மருந்து, அழுகை. மன்றத்துக்குத் தெரிஞ்சா பெட்டியோட படியிறக்கம். ரெண்டுல எது மேல்னு நீயே சொல்லு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கடிகாரக் கடையில் ஒரு மணல் துகள் விழுந்தாலும் யாருடைய கடிகாரமாவது நின்றுவிடும். அந்தப் பயத்தில் லென்ஸ் மண்ணையே தொடமாட்டார். அவர் படை வருடக்கணக்காக வெறும் தட்டில் மொட்டையாக நின்றது. இவருக்கோ கண் வைக்க முடியவில்லை. கண்ணுக்கு மண் என்று பேசிக்கொண்டார்கள்.

"மண் தூவ நடுங்குற கைதான் லாயக்கு. சல்லடை மாதிரி சீரா விழும்" என்றார். சிரிக்கவில்லை.

ஆண்டுப் போட்டியன்று இருவரும் எதிரெதிரே நின்றார்கள். பச்சைத் துணி விரித்த மேசையில் இரண்டு படைகளும் நெருங்கிக் கைகலந்தபோதுதான் அது நடந்தது. சித்தப்பாவின் வில்லாளியும் லென்ஸின் குதிரையும் தட்டோடு தட்டு உரசி நின்றன. நடுவரான மருந்துக்கடைக்காரர் இடைவெளியை அளக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். எது எவருடைய நிலம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிறம் ஒன்று, பொறி ஒன்று, தூவிய கையும் ஒன்று.

"இது கடையில விக்கிற மணல் இல்லையே. ரெண்டு பேர்கிட்டயும் எப்படி?" என்றார்.

லென்ஸ் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். சித்தப்பா கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நான்தான் ரெண்டு பேருக்கும் குடுத்தேன்" என்றேன்.

"இவருக்கு எதுக்கும்மா? உனக்கு என்ன உறவு?"

"என் கடிகாரத்தைச் சும்மாவே சரிபண்ணிக் குடுத்தார்."

மருந்துக்கடைக்காரர் பார்வை என் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே வெயில் படாத கோடுகூட இல்லை. "எங்க அந்தக் கடிகாரம்?"

"மறுபடி நின்னுபோச்சு. அவர் கடையிலதான் கிடக்கு."

அறையே சிரித்தது. கடிகாரக்காரர் கைவைத்த கடிகாரம் நின்றுபோனதைப் பற்றி ஆளுக்கொரு கிண்டல். லென்ஸின் காது சிவந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொழிலில் அவர் பேர் தப்பிக்கும். அவர் சித்தப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, ஸ்பிரிங் பழசு என்று முணுமுணுத்தார்.

மருந்துக்கடைக்காரர் நம்பினாரா, தெரியாது. குனிந்திருந்தவர் நிமிர்ந்து, சித்தப்பாவைப் பார்த்து, உங்கள் முறை என்றார். சித்தப்பா பையிலிருந்து கையை எடுத்துப் பகடைகளை அள்ளினார். குலுக்கினார். வழக்கத்தைவிட அதிக நேரம் குலுக்கினார். குலுக்குகிற கையில் எது நடுக்கம் என்று யார் பிரிப்பது?

வெற்றி லென்ஸுக்கு. படியிறங்கும்போது என்னை டயர் அடுக்குக்குப் பின்னால் நிறுத்தினார்.

"நான் கைவெச்ச கடிகாரம் திரும்ப நின்னதில்ல. என் பேரக் கெடுத்து அவரக் காப்பாத்துன. உனக்கு என்ன வேணும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. பூதக்கண்ணாடி மாட்டாமலே என் முகத்தை அலசினார்.

"ஒண்ணும் வேணாம்னு சொல்றவங்களத்தான் நான் நம்புறதே இல்ல. வர்ற வியாழக்கிழமை கடைக்கு வா. ஷட்டருக்கு வெளிய நிக்காம உள்ள வா. உனக்கு ஒரு கடிகாரம் கட்டிவிடணும். செயலாளர் உன் மணிக்கட்ட மறுபடி பாப்பார்."