என்னை மன்னிக்க வந்த நடிகர்

என் இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. பைக்கில் கிளட்சைப் பிடித்தால் மற்ற விரல்கள் மடங்கும், அது மட்டும் யாரையோ சுட்டிக்காட்டுவதுபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். என்ன ஆச்சு என்று கேட்பவர்களிடம் பந்து பட்டுவிட்டது என்பேன். யார் அடித்த பந்து என்று சொன்னதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில், ஒரு மாலைப் பயிற்சியில், பத்தடி தூரத்திலிருந்து அவன் அடித்த பந்து அது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் ஓடி வந்து, "புடிச்சிட்டடா மச்சான்!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான். விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கும் மறுநாள் காலை வரை வலி உறைக்கவில்லை. அந்த வயதில் அவன் ஒரு சொல் பாராட்டினால் இன்னொரு விரலையும் கொடுத்திருப்பேன்.

அவனை இங்கே நடிகர் என்றே சொல்லப்போகிறேன். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவர்கள் போனில் தேடிப் பார்ப்பீர்கள். அவனுக்கு ஓசியில் விளம்பரம் தேடித்தர எனக்கு மனமில்லை. அவன் முகம் உங்களுக்குப் பழக்கமானதுதான். கதாநாயகனுக்கு அண்ணனாக வந்து இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவான். இல்லையென்றால் நல்ல போலீஸ்காரனாக வந்து கடைசியில் கெட்டவன் என்று தெரியவரும். இரண்டாவதில் நன்றாகவே நடிப்பான்.

நாங்கள் இருவரும் கடலூர் முதுநகர்க்காரர்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் எங்கள் கிளப் ஆடும்போது அவன் சென்டர் ஃபார்வர்டு, நான் கோல் கீப்பர். அவன் ஆட்டத்தைக் குறைத்துச் சொன்னால் என் வாய் அழுகிப்போகும். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரணியின் இரண்டு பேர் தானாக ஒதுங்குவதுபோல இருக்கும். விழுவதிலும் கெட்டிக்காரன். எதிரணியின் பெனால்டி கட்டத்துக்குள் காற்றடித்தாலே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு கத்துவான், நடுவர் விசிலை ஊதிவிடுவார். பிற்பாடு சினிமாவில் அவனுக்கு முதலில் கிடைத்த வேலையும் விழுகிற வேலைதான்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பதினோரு பேரும் வட்டமாகக் குந்தி, ஒருவர் கைமேல் ஒருவர் கை வைத்து, "கிரவுண்ட்ல நடந்தது கோட்டத் தாண்டாது" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம். யார் தப்பு செய்தாலும் வெளியே காட்டிக்கொடுக்கக் கூடாது. கோல் விழுந்தால் பழி கீப்பருக்கு; கீப்பர் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை எங்கள் லெஃப்ட் பேக் டீக்கடையில் உட்கார்ந்து, நடிகர் பாஸே கொடுப்பதில்லை என்று புலம்பிவிட்டான். அடுத்த இரண்டு ஆட்டத்துக்கு அவனை வெளியே உட்கார வைத்தது நடிகர்தான். "கையி வச்சி சொல்லிட்டு பேசுறவன் ஆம்பளையாடா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டான். அன்றைக்கு நானும் அவன் பக்கம்தான் நின்றேன்.

சிதம்பரத்தில் நடந்த ஒரு போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எங்களை எதிர்த்து, சென்னையிலிருந்து வந்த ஒரு அரசுத் துறையின் அணி. அந்த அணியில் இடம் கிடைத்தால் சாகும்வரை வேலை. முதல் நாள் சாயங்காலம் கீழ வீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். அந்த அணியின் மேனேஜருக்குத் தன்மேல் ஒரு கண் என்றான். அவர்கள் கோப்பையோடு சென்னைக்குப் போனால் மனிதர் குளிர்ந்துபோய்த் தன்னை எடுத்துக்கொள்வார் என்றான். பிறகு என் தோளில் கை போட்டு, "ஒண்ணே ஒண்ணு வுட்டுக்குடு மச்சான். நான் மொதல்ல போறேன், பின்னாடியே ஒன்னையும் இழுத்துக்குறேன்" என்றான். நான் முடியாது என்றேன். கெஞ்சினான், திட்டினான், சிரித்தான். "சும்மா ஒன்ன டெஸ்ட் பண்ணேன்டா" என்று முதுகில் தட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்தான்.

மறுநாள் ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பாதிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன், அன்று பந்தைத் துரத்திக்கொண்டு எங்கள் கோல் வரை வந்தான். பந்தை வாங்கினான், நின்றான், என்னை ஒரு பார்வை பார்த்தான், என் பக்கம் தட்டிவிட்டான். அது வந்த வேகத்தை என்னவென்று சொல்ல! குழந்தைக்கு உருட்டிவிடுகிற பந்துகூட இன்னும் கொஞ்சம் வேகமாக வரும். நம் ஆள் காலால் தருகிற பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. உதைக்கத்தான் ஓடினேன். அவர்களுடைய ஃபார்வர்டு எனக்கு ஒரு எட்டு முன்னால் வந்து தட்டிவிட்டான். நான் மண்ணில் கிடந்தேன், பந்து வலையில் கிடந்தது. பார்க்க வந்த ஜனங்களுக்கு இது மட்டும்தான் தெரியும். ஆட்டம் முடிந்து வட்டமாகக் குந்தினோம். என் கைமேல் அவன் கை இருந்தது. எல்லாரையும்விட அவன்தான் சத்தமாகச் சொன்னான்.

அவனுக்கு அந்த வேலை கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றே போட்ட பாஸ் என்று என் மனம் அடித்துச் சொன்னது. ஆனால் முந்தின நாள் மழை, புல் ஈரம், பந்து ஒருவேளை சறுக்கியிருக்கலாம் என்றும் ஒரு மூலையில் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு மூலை என்னை இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. ஒரேயடியாக வெறுக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

நான் சிதம்பரத்திலேயே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்து, கல்யாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்டேன். அவன் சென்னையில் சில வருடம் ஆடினான். முட்டி போனது. ஒரு பனியன் விளம்பரத்தில் பந்தைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தான். பிறகு கதாநாயகனிடம் உதை வாங்கும் அடியாள்; பிறகு அடியாட்களுக்குத் தலைவன். அவன் முதல் படம் வந்தபோது நான் என் மனைவியைக் கடலூர்வரை கூட்டிக்கொண்டு போனேன். அவன் மேசைமேல் விழுந்து மேசை உடைந்ததும் விசிலடித்தேன். "இவன் எங்க ஆளு" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. பிறகு ஒரு படத்தில் கால்பந்துக் கோச்சாக வந்தான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது, அவன் பெரிய ஆளாகிவிட்டான்.

அந்த வெற்றியில்தான் யூடியூப் சேனல் ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தான். தான் பட்ட கஷ்டங்களைச் சொல்லிக்கொண்டு வந்தவன், "சிதம்பரம் ஃபைனல்" என்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினான். "எங்க கீப்பர் மேட்சை வித்துட்டான் சார். என் உயிர் நண்பன். அன்னைக்கு நான் அழுத அழுகை இருக்கே..." என்றான். அழவும் செய்தான். அவன் அழுததைப் பார்த்து, ஒருவேளை நான்தான் விற்றுவிட்டேனோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அவ்வளவு நல்ல நடிப்பு.

அவன் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த அணிக்கு ஒரே கீப்பர், அவன் சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறான். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. பதினோராம் வகுப்புப் பெண்களின் கால்பந்து அணிக்கு நான்தான் பயிற்சி. அதில் ஒருத்தி, வெகுளிதான், "சார், நீங்க வித்துட்டீங்களாமே?" என்று நேராகவே கேட்டாள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆனால் ஒருநாள் இட்லி வைத்துக்கொண்டிருந்த என் மனைவி, கரண்டியைக் கையில் பிடித்தபடி, "நெசமாவா?" என்றாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கும் கேட்கத் தோன்றிவிட்டது. அன்றைக்கு அவன் என் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவனை மன்னிக்கவே கூடாது என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

அப்புறம் ஒரு போன் வந்தது. நடிகரின் வாழ்க்கையை டிவிக்காகப் படம் பிடிக்கிறார்களாம். பேசிய பெண் தேன்போலப் பேசினாள். "சார், அவரு உங்கள மன்னிக்கிற மாதிரி ஒரு சீன் வச்சிருக்கோம். அதே சிதம்பரம், அதே கிரவுண்டு. அவரு ஒரு பெனால்டி அடிப்பாரு, நீங்க விட்டுடுவீங்க. அப்புறம் ஓடி வந்து உங்கள கட்டிப்புடிப்பாரு. ரொம்ப எமோஷனலா இருக்கும் சார்." வருகிறேன் என்றேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் மன்னிக்கிறதுக்கு நீங்க போய் நிக்கிறதா? வெக்கமா இல்ல ஒங்களுக்கு?" என்றாள். நீயும் வா என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வாரம் இருந்தது. தினமும் காலையில் என் அணிப் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கு ஐந்து பெனால்டி அடிக்கச் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பு. முதல் வாரம் விழுந்தால் எழ முடியவில்லை. முட்டியெல்லாம் தோல் உரிந்தது. "சார், எதுக்கு சார் இவ்ளோ?" என்று கேட்டார்கள். ஜாஸ்தி பேசாமல் அடியுங்கள் என்றேன். மூன்றாவது வாரம், அந்த வெகுளிப் பெண் மேல் மூலைக்கு அடித்ததைக்கூடத் தட்டிவிட்டேன்.

அன்று மைதானத்தில் நல்ல கூட்டம். ஓரத்தில் மேடை, மைக், பேனரில் அவன் முகம். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். கேமரா இன்னும் தயாராகவில்லை என்று யாரோ சொன்னதும் கையை இறக்கிவிட்டான். தேன்போலப் பேசிய பெண் என்னிடம், "சார், அவரு உங்களுக்கு வலது பக்கம் அடிப்பாரு, நீங்க இடது பக்கம் விழணும்" என்று விளக்கினாள். தலையாட்டினேன்.

வலது பக்கம்தான் அடித்தான். நானும் வலது பக்கம்தான் விழுந்தேன். பந்து நெஞ்சோடு இருந்தது. "பழக்க தோஷம்" என்றேன். கூட்டம் சிரித்தது. இரண்டாவது முறை பக்கத்தை மாற்றிச் சொன்னார்கள். அதையும் பிடித்தேன். என் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். மூன்றாவதை யாரிடமும் சொல்லாமல் தன் இஷ்டத்துக்கு அடித்தான், பழைய ஆத்திரத்தோடு அடித்தான். தட்டிவிட்டேன். கூட்டத்தில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இவர்கள் கேமராவில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், அத்தனை போனில் என்ன செய்ய முடியும்?

பந்தை எடுக்க வருவதுபோல என்னிடம் வந்தான். மூச்சு வாங்கியது. மேக்கப் வழிந்துகொண்டிருந்தது. சிரித்த முகம் மாறாமல், பல்லுக்குள் பேசினான்.

"ஒண்ணு வுடுடா மச்சான். ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

"அதே திமிருடா ஒனக்கு. அன்னைக்கே நீ ஒண்ணு வுட்டிருந்தா, நான் அந்தப் பாஸப் போட்டிருக்கவே வேணாம்."

சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் திகைத்தான். மழையும் இல்லை, ஈரமும் இல்லை, சறுக்கவும் இல்லை. இத்தனை வருடம் நான் கட்டிச் சுமந்த சந்தேகத்தை ஒரு வார்த்தையில் அவிழ்த்துப் போட்டுவிட்டான். அவனை அங்கேயே கீழே தள்ளி மிதிக்கலாம்போல இருந்தது. என் மனைவி கயிற்றுக்கு அந்தப் பக்கம் முன்வரிசையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது.

"மேடையில மைக் இருக்கு," என்றேன். "இப்ப சொன்னத அங்க போயி சொல்லிட்டு வா. அடுத்தத வுட்டுடுறேன். ஊரு முன்னாடி நீ என்ன கட்டிப்புடிச்சிக்க."

மேடையைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான், தூக்கிப் பிடித்த போன்களைப் பார்த்தான். போவான் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவன் குனிந்து பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தான். பின்னால் நடந்துபோய்த் திரும்பினான். ஓடி வந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அடித்தான்.

பிடித்தேன். அடித்த வேகத்தில் முட்டி மடங்கி அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். எழுப்பிவிடச் சொல்லி என் பக்கம் கையை நீட்டினான். அந்தக் கையை நான் தொடவில்லை. பந்தை அவன் காலடிக்கு உருட்டிவிட்டு, கோலுக்குத் திரும்பி நடந்து, கோட்டின்மேல் நின்றுகொண்டு சொன்னேன்.

"அடுத்தது அடி."