பிரேக்கை மிதித்தால்தான் விடும்

கார் பழக்குகிறவளுக்குக் கையில் ஒன்றும் இல்லை. காலடியில் ஒரு பிரேக் மட்டும் உண்டு. மனைவிக்கோ மச்சானுக்கோ கார் பழக்கப் போய், அந்த ஒரு பிரேக்கும் இல்லாமல் வெறும் தரையை மிதித்து மிதித்துக் கால் உளைந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

மன்னார் பட்டினத்தில் ஒரு சாரதிப் பயிற்சி நிலையத்தில் நான் பழக்குவது ஓட்டோமற்றிக் கார். கிளச்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை, இதில் பழக்க என்ன கிடக்கிறது என்று கேட்பார்கள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் P, R, N, D என்று எழுதிய லீவர் ஒன்று கிடக்கிறது. என் தலையைத் தின்ன அது போதும். அதன் கீழே என்னதான் நடக்கிறது என்று அறியாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. கராஜில் எந்தக் கியர் பெட்டியைக் கழற்றினாலும் பக்கத்தில் போய்க் குந்திவிடுவேன்.

பூட்டு யாருக்கு?

யேசுதாசன் அண்ணை விடத்தல்தீவுக் கடற்றொழிலாளி. காலில் ஏறிய முள்ளும் சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் சேர்ந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு வந்து இறங்கியவர் நேரே விஷயத்துக்கு வந்தார். மகளை அரிப்பு என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு இது தலைப்பிள்ளை, மாதமும் நெருங்கிவிட்டது. பஸ் மாறி மாறி ஏற இவரால் முடியாது. ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்சித்தான் போகவேண்டும். தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போன ஓட்டோமற்றிக் கார் முற்றத்தில் நிற்கிறது. பிள்ளை பிறக்கும்போது தானே ஓட்டிக்கொண்டு போய் மகளின் வாசலில் இறங்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் நாள் லீவரைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. வலை இழுத்த கை. விட்டால் பிடுங்கியே எடுத்திருப்பார். நான் மறித்து விளக்கினேன். P-யில் போட்டால் கியர் பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்புப் பல் இறங்கிப் பல்சக்கரத்தின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும், சில்லு உருளாது. அதோடு லீவரையும் ஓர் ஊசி பிடித்து வைத்திருக்கும். பிரேக்கை மிதித்தால் மின்சாரம் போய் அந்த ஊசியை இழுக்கும், பிறகுதான் லீவர் வரும். காலை அழுத்தி, "டிக்" என்ற அந்தச் சின்னச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். திரும்பத் திரும்ப மிதித்துக் கேட்டார். நானும் முதன்முதலில் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதால் மறிக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அப்ப இது காருக்குப் போட்ட பூட்டு இல்லைத் தங்கச்சி, எனக்குப் போட்ட பூட்டு."

உபரிக் கால்

எங்கள் காரில் ஒருவர் ஓட்டும்போது அடுத்தவர் பின்னால் இருந்து பார்ப்பார். அண்ணைக்குச் சோடியாக வாய்த்தவர் பட்டினத்தில் கடை வைத்திருக்கும் ஹாஜியார். வாழ்நாளெல்லாம் கிளச் உள்ள வான் வண்டியில் சாமான் ஏற்றியவர். மகன்மார் புதுக் கார் எடுத்துக் கொடுத்ததால் பழக வந்திருந்தார். ஓட்டோமற்றிக்கில் கிளச் இருக்கவேண்டிய பக்கம் வரைக்கும் பிரேக் மிதி அகலமாக நீண்டு கிடக்கும். சந்தி வந்தால் ஹாஜியாரின் இடது கால் தன்பாட்டில் எழும்பி, கிளச் என்று நினைத்து அதை ஒரே உதையாக உதைக்கும். மூன்று பேரின் தலையும் முன்னுக்குப் போய்வரும். அவரும் பாவம், ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பார்.

இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வையுங்கோ, இந்தக் காருக்கு அது தேவையே இல்லை என்று நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். நாலாவது சந்தியில் என் நெற்றி கண்ணாடியில் முட்டாத குறை. பின்னால் இருந்து அண்ணையின் குரல் ஆறுதலாக வந்தது:

"ஹாஜியார், அந்தக் காலை என்னட்டைத் தந்துபோட்டு ஓட்டுங்கோ. எனக்கும் உதவும், உங்களுக்கும் கரைச்சல் இல்லை."

நடுவீதியில் கழுதை

அண்ணைக்குப் பிழைவிட இடது கால் இல்லை, சாரதிச் சோதனையில் சுகமாகத் தேறிவிடுவார் என்று நான் நம்பியிருந்தேன். மன்னார்க் கழுதைகளுக்கு வீதி என்பது நின்று யோசிக்கும் இடம். ஒருநாள் அண்ணை ஓட்டும்போது ஒன்று அப்படி யோசித்துக்கொண்டு நின்றது. அண்ணை அதைக் கண்டார். பிரேக்கில் கால் போகவில்லை. கை லீவருக்குப் போனது. லீவரின் பொத்தானை அமர்த்தி R-க்குத் தள்ளிவிட்டார்.

உண்மையில் அந்த லீவர் கியரை மாற்றுவதில்லை. முன்னுக்கா பின்னுக்கா என்று நாங்கள் கேட்பதைக் கொண்டுபோய்ச் சொல்லும், அவ்வளவுதான். கொடுப்பதும் கொடுக்காததும் பெட்டியின் இஷ்டம். ஓடுகிற ஓட்டத்தில் R கேட்டால் எங்கள் கார் கொடுக்காது. கீச்சென்று கத்திவிட்டு நியூட்ரலில் விட்டுவிடும். கார் தன்பாட்டில் கழுதையை நோக்கி உருண்டது. என் பிரேக்கை மிதித்தேன். கழுதை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சோதனையில் இப்படிச் செய்தால் அந்த இடத்திலேயே இறக்கிவிடுவார்கள், பிறகு எப்போது அரிப்புக்குப் போவது என்று பேசிவிட்டேன். அவர் வியர்வையைத் துடைத்தார்.

"கடலிலை பிரேக் இல்லைத் தங்கச்சி. வள்ளத்தை நிப்பாட்டுறதெண்டால் எஞ்சினைப் பின்னுக்குப் போடுறதுதான். கைக்கு அதுதான் தெரியும்."

செபமாலை

கைக்குத் தெரிந்ததைக் கையிலிருந்து எடுப்பது எப்படி? D-யில் போட்டதும் இடது கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவருவார். ஓர் ஆடு குறுக்கே வந்தால் போதும், கை பழையபடி இறங்கிவிடும். சோதனைக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. மகளுக்குக் கால் வீங்கியிருப்பதாக வீட்டிலிருந்து தகவலும் வந்திருந்தது. அதைக் கேட்டதிலிருந்து அவர் பிழை கூடிக்கொண்டே போனது.

அடுத்த நாள் அவருடைய மனைவி றீற்றா அக்காவும் கூட வந்தார். கைப்பையைத் திறந்து ஒரு சின்னச் செபமாலையை எடுத்து லீவரின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். நான் திருக்கேதீஸ்வரப் பக்கத்து வயல்காரி, சைவக்காரி. இது வாகனத்துக்கான ஆசீர்வாதம் என்றுதான் நினைத்தேன். மாலை பொத்தானை மறைக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், மறைக்கவில்லை. அன்று எந்த ஆடு குறுக்கே வந்தாலும் அண்ணையின் கை இறங்கி மணிகளில் பட்டதும் நின்றது, கால் பிரேக்கைத் தேடிப் போனது. எப்படி இது என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மாதாவின்ரை மாலையைப் பிடிச்சுப் பின்னுக்குத் தள்ள மனம் வருகுதில்லை."

அரிப்பிலிருந்து ஓர் அழைப்பு

சோதனைக்கு வந்த அதிகாரி லீவரைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். நான் வெளியே மர நிழலில் நின்றேன். பிரேக் இல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மண்ணில் என் செருப்பு ஒரு குழியே தோண்டிவிட்டது. கார் திரும்பி வந்து அடங்கி நின்றது. அதிகாரி இறங்கும்போது, தேறிவிட்டார், ஆனால் ஆட்டைக் கண்டதும் மாலையைத் தொட்டுக் கும்பிடுவது ஏன் என்று கேட்டார். கடல் ஆட்கள் அப்படித்தான் என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை, ஹாஜியாரின் இடது காலோடு மல்லாடிக்கொண்டிருந்த நேரம், தொலைபேசி அடித்தது. அண்ணை அரிப்பிலிருந்து பேசினார். விடத்தல்தீவிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாராம். விடியப்புறம் பெண்குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். ஹாண்ட் பிரேக் இழுத்தீர்களா, P-யில் போட்டீர்களா என்றுதான் என் வாயில் வந்தது. அவர் சிரித்தார்.

"எல்லாம் போட்டிட்டன் தங்கச்சி. பேத்தி என்ரை விரலைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறாள். பிரேக்கை மிதிச்சாலும் இவள் விடமாட்டாள் போலை கிடக்கு."

லீவரை இழுப்பது மட்டும்தான் நம் வேலை, விடுவதா பிடிப்பதா என்பதை உள்ளே இருக்கிற ஒரு சின்ன ஊசி தீர்மானிக்கிறது என்று இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்; ஹாஜியாரின் இடது காலுக்கு மட்டும் அது இன்னும் கேட்கவில்லை.