நடுவில் மலை இல்லாத கடல்

தீபன் ஹெல்மெட்டின் கண்ணாடிக்குள் துப்புகிறான். துப்பியதைக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்து, படிக்கட்டு ஓரக் குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்து அலசி, தலையில் மாட்டிக்கொள்கிறான். ஈப்போ புந்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே, மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் இந்தக் காட்சியைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் குறைவு. "மழையில கண்ணாடி ஆவி பிடிக்காதுண்ணே. எச்சில விட நல்ல மருந்து எந்தக் கடையிலயும் கெடையாதுலா" என்பான். எனக்கும் ஒருமுறை செய்து தர முன்வந்தான். வேண்டாம் என்று ஓடி வந்துவிட்டேன்.

நாற்பதை நெருங்குகிற ஆள். மாநிறம். வெயிலும் உப்பும் சேர்ந்து செம்பட்டையாக்கிய முடி. வலது காதில் எப்போதும் பஞ்சு. அந்தப் பக்கம் நின்று பேசினால் பாதி கேட்காது, ஆனால் எல்லாம் கேட்டதுபோல் தலையாட்டுவான். மின்தூக்கியில் ஏறியதும் உள்ளே இருப்பவர்களை ஆள்காட்டி விரலால் எண்ணுவான். இறங்கும்போது மறுபடி எண்ணுவான். மூன்றாம் மாடியில் யாராவது இறங்கிவிட்டால் அவன் முகம் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். கல்யாணப் பந்தியிலும் இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தவர்களை எண்ணுகிறானே என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

அவன் வேலை டைவ் மாஸ்டர். முதுகில் காற்று டேங்க்கைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிற சுற்றுப்பயணிகளை அழைத்துப் போய், பவளமும் ஆமையும் காட்டி, அதே எண்ணிக்கையில் மேலே கொண்டுவந்து சேர்ப்பது. இதை நம் ஆட்களுக்கு விளக்குவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பெண் பார்க்க பீடோருக்குப் போன இடத்தில் பெண்ணின் மாமா கேட்டாராம்.

"மீன் பிடிக்கிறீங்களா தம்பி?"

"இல்லீங்க. மீனப் பாக்க ஆளுங்களக் கூட்டிட்டுப் போவேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வந்துருவோம்."

அந்தப் பெண் இப்போது ஒரு வங்கி ஊழியருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "அந்த மாமா கேட்டதும் சரிதான்ணே. வெறுங்கையோட வர்றதுதான் நம்ம கெர்ஜா, நம்ம வேலையே" என்று சிரிப்பான்.

பதினேழு வயதில் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்குத் தட்டுக் கழுவப் போனவன். அந்தத் தீவிலேயே டேங்க் தூக்கி, படகு துடைத்து, பிறகு நீந்தப் படித்து, ஒவ்வொரு படியாக ஏறி, இல்லை, இறங்கி, டைவ் மாஸ்டர் ஆனான். மழைக்காலத்தில் தீவை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் புந்தோங்குக்கு வந்து டயர் கடையில் நிற்பான். மற்ற மாதங்களில் வீட்டுக்கு விருந்தாளி. ஆள் வந்தால்தான் சம்பளம். முதுகுவலி கூடப் பிறந்ததுபோல் ஆகிவிட்டது. உடம்பில் சொறி ஆறுவதற்குள் அடுத்த சொறி வந்துவிடும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பவளத்தை மிதித்து உடைத்துவிட்டு இவனை முறைப்பார்கள். இத்தனையும் சொல்லிவிட்டு, "ஆனா கீழ போயிட்டா யாரும் பேச முடியாதுலா. அதுக்கே எவ்வளோ வேணும்னாலும் கொடுக்கலாம்" என்பான்.

தைப்பிங்கிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் ஒருமுறை வந்திருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். அதுவரை கடலில் முழங்கால் நனைத்ததில்லை. கீழே ஆமை ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்றபோது அவர் தீபனின் கையைப் பிடித்தவர், மேலே வரும்வரை விடவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே கண்ணீர். கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்று சமாளித்தாராம். தீபாவளிதோறும் ஒரு டின் முறுக்கு அவரிடமிருந்து இன்னும் வருகிறது. வேலையில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் அந்த டின்னைத்தான் எடுத்துக் காட்டுவான்.

இதுவரை சொன்னதைக் கேட்டு உற்சாகமான பேர்வழி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வருடமாக அவன் வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. மகன் பேசுகிறான். அப்பா பேசுவதில்லை.

அப்பா பெயர் சன்னாசி. பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காய்ச்சலோடு வெட்டுக்குப் போனவர், பாம்பு கடித்த காலோடு டவுனுக்கு நடந்தவர். அம்மா ராக்காயி போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தீபன் ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவன். செய்தி அவனுக்குக் கிடைத்தது படகில். அன்றைக்கு மூன்றாவது முறையாகக் கடலுக்குள் போய்விட்டு, அப்போதுதான் மேலே வந்திருக்கிறான்.

இந்த இடத்தில் அவன் தொழிலின் விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றில் ஒரு பங்கு ரத்தத்தில் கரைந்து தங்கிவிடும். மேலே வந்தபிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்கு முன்னால் விமானத்தில் ஏறினாலோ மலை ஏறினாலோ, சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் ரத்தத்தில் நுரைத்துவிடும். கை கால் விழலாம். ஆளே போகலாம். ஒரு நாளாவது தரையில் கிடக்க வேண்டும். கிழக்குக் கரையிலிருந்து ஈப்போ வர எந்தச் சாலையைப் பிடித்தாலும் நடுவில் மலை நிற்கிறது.

அவனோடு வேலை செய்த ரொஸ்லான் என்கிற மலாய்க்காரர், மனைவிக்குப் பிரசவம் என்று கேட்டு, கடலிலிருந்து ஏறிய அன்றைக்கே கிரிக் மலைச் சாலையில் கார் ஓட்டியவர். பிள்ளையை இடது கையால்தான் வாங்கினார். வலது கையில் இன்றுவரை உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. தீபன் இதைக் கண்ணால் பார்த்தவன்.

அம்மா இறந்த அன்று தீபன் தீவிலிருந்து படகேறி, கரையில் கார் பிடித்து, அதே மலையடிவாரத்தில் ஜெலி வரைக்கும் வந்துவிட்டான். பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி அப்பாவுக்குப் போன் போட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எடுத்தாக வேண்டும், சனிக்கிழமை பிணம் எடுக்கக் கூடாது என்று இங்கே பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். போனில் தீபன் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"அப்பா, நாளைக்கி சாயந்தரத்துக்கு மேலதான்பா மலை ஏற முடியும். இப்ப ஏறுனா ரத்தத்துல நொர வந்துரும்பா. கொஞ்சம் வச்சிருங்கப்பா."

"வாரியா, இல்லையா?"

"வாரேன்பா, ஆனா..."

சன்னாசி போனை வைத்துவிட்டார். அவர் மகனிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். "மலை ஏறுனா செத்துருவானாம்லா" என்று யாரோ பின்னால் சிரித்தார்கள். மறுநாள் அந்தக் கிழவரே மொட்டை அடித்துக்கொண்டு, குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்து, பெண்டாட்டிக்குத் தானே கொள்ளி வைத்தார். குடத்தை உடைக்கும்போது தடுமாறிவிட்டார். மகள் கலாதேவியின் கணவன் சுரேன்தான் பிடித்துக்கொண்டான். தீபன் மலை தாண்டி வந்துசேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் தூது வேலை என் தலையில் விழுந்தது. தீபன் எதிரிலேயே நிற்பான். சன்னாசி என்னைப் பார்த்து, "அடுப்பு கேஸ் தீந்துபோச்சுன்னு அவங்கிட்ட சொல்லுங்க சார்" என்பார். நான் தீபனிடம் திரும்பி, கேஸ் தீர்ந்துவிட்டது என்பேன். நான் இல்லாத நேரத்தில் சுவரில் இருக்கிற அம்மா படத்திடம் சொல்வாராம், "ராக்காயி, சோறு ஆறுது" என்று. மகன் வந்து சாப்பிடுவான்.

ஒருநாள் கேட்டே விட்டேன், செய்தது சரி என்றுதானே நினைக்கிறாய் என்று. ரொஸ்லானின் கையைப் பற்றிச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "சில பேரு அன்னைக்கே மலை ஏறிப் போயிருக்காங்கண்ணே. ஒண்ணும் ஆகலை. எனக்கும் ஒண்ணும் ஆகாமப் போயிருக்கலாம். அதாண்ணே கொல்லுது. பெட்ரோல் ஸ்டேஷன்ல உக்காந்து அந்த மலையவே பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மாவ நெனச்சனா, என் கைகால நெனச்சனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை." சொல்லிவிட்டுக் காதுப் பஞ்சை எடுத்து மாற்றிக்கொண்டான். விதியைச் சரியாகப் பின்பற்றியவனுக்கு எப்படி ஆறுதல் சொல்வது?

இந்த வருடம் மழைக்காலம் முடிந்து கிழக்குக் கரைத் தவுக்கே, அவன் பழைய முதலாளி, போன் செய்தபோது, வரவில்லை என்று சொல்லிவிட்டான். இப்போது லூமுட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறான். மேற்குக் கரைத் தண்ணீர் கலங்கல். நீட்டிய கை தெரிந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஆமையும் கிடையாது, டீச்சரம்மாக்களும் கிடையாது. வாரக் கடைசியில் பழகவருகிற நாலு மாணவர்கள், துறைமுகத்தில் படகின் அடியில் சிப்பி சுரண்டுகிற வேலை, அவ்வளவுதான். இருபது வருடம் கண்ணாடி மாதிரித் தண்ணீரில் இருந்தவன் ஏன் இந்தச் சேற்றுக்கு வந்தான் என்று அவன் அக்கா கலாதேவிகூடத் திட்டினாள். அவளிடம் சிரித்து மழுப்பினான். என்னிடம் மட்டும் சொன்னான்.

"லூமுட்லேர்ந்து ஈப்போ வர வழியில மேடே இல்லண்ணே. சப்பட்டை ரோடு. தண்ணிலேர்ந்து ஏறுன நிமிஷமே வண்டிய எடுக்கலாம்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அவரு என்ன கேட்டாரு, நான் சொல்றதுக்கு?"

ராக்காயியின் முதல் வருடத் திதியை லூமுட் பக்கம் கடற்கரையில் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தவள் கலாதேவிதான். என் வேனில்தான் எல்லாரும் போனோம். மகன் இறங்குகிற கடலை சன்னாசி அதுவரை பார்த்ததே இல்லை. சவுக்கு மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஐயர் பெயர், கோத்திரம் கேட்டபோது தீபன் சொன்னான். எள்ளும் தண்ணீரும் விட்டான். பிண்டத்தை இலையோடு எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனான். சன்னாசி சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று முழுக்குப் போடச் சொல்லி ஐயர் குரல் கொடுத்தார். முதல் முழுக்கு, எழுந்தான். இரண்டாவது, எழுந்தான். மூன்றாவதில் போனவன் வரவில்லை. அவன் தொழில் தெரிந்த நானே தண்ணீரை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டேன். பிண்டம் கரைந்த இடத்தில் சின்ன அலை மட்டும் வந்து போனது. "என்னாலா இவன்" என்று கலாதேவி ஆரம்பித்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

நாற்காலி மணலில் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். சன்னாசி வேட்டியைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் ஆழத்தில் நின்று, மகன் போன இடத்தைப் பார்த்து வலது கையை நீட்டினார்.

தீபன் தலை வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு எதிரே நிற்கிறவரைப் பார்த்தான். சன்னாசி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நனையாத அந்தக் கையைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டே கரைக்குத் திரும்பினார்.