ஏ.சி. தண்ணீரில் ஊறிய காகிதம்

முத்துலட்சுமி வென்றவற்றைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். நீல பிளாஸ்டிக் வாளி ஒன்று. ஆளுக்கொரு பாஸ்வேர்டு. மூன்று பிரதி அடித்த இடத்தில் ஒரே பிரதி. வேலை முடிந்ததும் அணைக்கப்படும் இரண்டு மானிட்டர்கள். இருநூறு பக்க நோட்டு ஒன்று. அதில் கிழித்துக் கரைத்த தாள்களின் கணக்கு, மூன்று வருடமாக ஒரு வேலைநாள்கூட விடுபடாமல். பன்னிரண்டாவது மட்டும் முடித்தவள், தி. நகரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஆறு கம்பெனிகளில் 'அனுபவம் இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவள், ஏழாவது கம்பெனியில் இத்தனையும் வாங்கினாள். யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தாலும் நிமிர்ந்து பார்க்க அவளிடம் தெம்பு இருந்திருக்காது.

அந்த ஏழாவது இடம் லஸ் பக்கம் ஒரு மாடியில் இருந்த பரிசோதனை நிலையம். ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் பார்ப்பார்கள். 1995 ஜனவரியில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. கூடவே அவளும் வந்தாள். மேனேஜர் கல்யாணராமனுக்குக் கம்ப்யூட்டர் மேல் மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. அதனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் மூன்று பிரதி. ஒன்று நோயாளிக்கு, ஒன்று ஃபைலுக்கு, மூன்றாவது 'இருக்கட்டுமே' என்று. எல்லோருக்கும் சேர்த்துப் பாஸ்வேர்டு ஒன்றுதான். மறந்துவிடக் கூடாதென்று அதையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டியிருந்தார்.

அந்த மூன்றாவது பிரதிகள் மேசைக்கடியில் குவியும். மாதம் ஒருமுறை பழைய பேப்பர் கடை ஷாஹுல் ஹமீது வந்து மூட்டை கட்டிப் போவார். அதற்கு முன்பே ஆளுக்கு ஒரு கட்டு வீட்டுக்குப் போய்விடும். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அகலப் பேப்பர். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அலமாரியில் விரிக்கலாம், பிள்ளைகள் கணக்குப் போடலாம். முத்துலட்சுமி தன் அக்கா வேம்புவுக்குக் கொண்டுபோனாள்.

வேம்பு எட்டாவது வரை படித்தவள். மந்தைவெளியில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். துணியில் நேரே கத்திரி வைக்கமாட்டாள். முதலில் காகிதத்தில் வெட்டி, அளவை நீலப் பென்சிலால் எழுதி, அதைத் துணிமேல் குத்தி வைத்துத்தான் வெட்டுவாள். செய்தித்தாளின் மை துணியில் ஒட்டும். இந்தப் பேப்பரின் வெள்ளைப் பக்கம் ஒட்டாது.

1996 தீபாவளிக்கு அவளிடம் நாற்பத்திரண்டு ரவிக்கைகள் வந்திருந்தன. அந்த அவசரத்தில் ஒரு ரவிக்கைக்குள் காகிதம் எடுக்கப்படாமலே போய்விட்டது.

அக்டோபர் 16, புதன்கிழமை காலை. தெற்கு மாட வீதிப் பக்கம் வீட்டிலேயே கணக்கு ட்யூஷன் எடுக்கும் ஜலஜா என்ற அம்மாள் மாடியேறி வந்து, கல்யாணராமன் மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தார்.

"இது என் ரிப்போர்ட். ஜனவரில எடுத்தது. என்கிட்ட படிக்கற பையனோட அம்மா, தெச்சு வந்த ரவிக்கைக்குள்ள இருந்துதுன்னு எடுத்துண்டு வந்து மூஞ்சிக்கு நேரா நீட்டறா."

காகிதம் ரவிக்கையின் முதுகு வடிவத்தில் இருந்தது. கழுத்து வளைவில் அவருடைய இனிஷியல் போயிருந்தது. பெயரும் வயதும் தெருவும், சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்ற வரியும் அப்படியே இருந்தன.

"ஆறு மாசம் மருந்து சாப்ட்டு குணமாயாச்சு. அதுக்கும் ரிப்போர்ட் இருக்கு. அதை யார் ரவிக்கைக்குள்ள வெச்சு அனுப்பப் போறா? ஒம்போது பசங்கள்ல நாலு பேர் நின்னாச்சு."

கல்யாணராமன் உடனே ஷாஹுல் ஹமீதைக் கூட்டிவரச் சொன்னார். அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சார், நம்ம கடைப் பேப்பர் மூட்டையா மில்லுக்குப் போய்க்கினு கீது. தைக்கிறவங்க யாரும் நம்மகிட்ட வாங்கறதில்ல."

"பின்னே? பேப்பர் தானா நடந்து போச்சாங்காணும்? இனிமே நீர் இங்க வர வேண்டாம்."

"பதினோரு வருசமா வரேன் சார்."

முத்துலட்சுமி அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைப் பக்கத்தில் நீலப் பென்சிலில் 'முதுகு 14½' என்று இருந்தது. அந்த எழுத்து யாருடையது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை தப்பும். பழி ஷாஹுல் பாயோடு படியிறங்கிப் போய்விடும். ஆறு இடங்களில் படியிறங்கிய களைப்பு அவள் காலில் இன்னும் இருந்தது.

"பாய் மேல தப்பு இல்ல சார். இது எங்க அக்கா எழுத்து. பேப்பரை நான்தான் வீட்டுக்கு எடுத்துக்கினு போனேன்."

"அம்மா தாயே!" என்றார் கல்யாணராமன். "எல்லாரும் எடுத்துண்டு போறதுதான். அதுக்காக இப்படியா? நாளைலேந்து வேலைக்கு வராதே."

"எல்லாருமா?" என்று ஜலஜா திரும்பினார்.

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இவ ஒருத்திய அனுப்பிட்டா மத்தவா ஆத்துல இருக்கற பேப்பரெல்லாம் திரும்பி வந்துடுமா? இனிமே ஒரு தாள் வெளில போகாதுன்னு எழுதி, பொறுப்பானவா கையெழுத்துப் போட்டுத் தாங்கோ. வர புதன்கிழமை வரேன்."

ஒரு வாரத்துக்குள் ஏதாவது செய்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் கல்யாணராமன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே வேம்பு கேட்டாள்: "இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

விஷயத்தைக் கேட்டதும் எழுந்துபோய்த் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். அறுபத்தொரு காகிதங்கள். ஒவ்வொன்றையும் திருப்பினால் ஒரு பெயர், ஒரு தெரு, ஒரு வியாதி.

"இது மேலதான் தினம் கத்திரி வெச்சிருக்கேன். ஒருநாளும் திருப்பிப் பாக்கலையே," என்றாள் வேம்பு. அறுபத்தொன்றையும் எண்ணி, நூல் கட்டித் தங்கையிடம் கொடுத்தாள். மறுநாள் பிரவுன் தாள் வாங்கிவந்து முதலிலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

அந்த ஒரு வாரம் முத்துலட்சுமிக்கு ஒரு வருடம்போல் இருந்தது. நோயாளிக்கு ஒரு பிரதி போதும், மீதி இரண்டு ஃப்ளாப்பியில் இருக்கட்டும் என்றாள். ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்தால் யார் பொறுப்பு என்றார் கல்யாணராமன். ஒன்று கெட்டாலும் பீரோவில் இன்னொன்று இருக்கும் என்றாள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும் என்று சொல்லிச் சீட்டைக் கிழித்தபோது, ரத்தம் எடுக்கும் இனாயத், "நம்ம மேல நம்பிக்கை இல்லியா மேடம்?" என்று இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தான். வீட்டுக்குக் கொண்டுபோனதையெல்லாம் திருப்பிக் கொண்டுவரச் சொன்னபோது மற்றவர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள்.

தவறாக அச்சான தாள்களை என்ன செய்வது? கிழித்து ஊறவைத்துக் கூழாக்கலாம் என்றாள்.

"ஊரே குடத்தோட லாரித் தண்ணிக்கு நிக்கறது. உனக்குப் பேப்பர் ஊறப்போடத் தண்ணியா?" என்று கல்யாணராமன் சிரித்தார்.

கம்ப்யூட்டர் அறை ஏ.சி.யிலிருந்து பின்பக்கச் சந்தில் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே ஒரு நீல வாளியை வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் அரை வாளி இருந்தது. பெயர் இருக்கும் இடத்தை முதலில் கிழித்து, பிறகு மீதியைக் கிழித்து அதில் போட்டுப் பிசைந்தாள்.

"மேடம், நாளைக்கு இட்லியா தோசையா?" என்றான் இனாயத். ஆனால் வாளியைத் தூக்க ஒரு கை கொடுத்தான்.

வேம்புவின் அறுபத்தொன்றும் அந்த வாளியில்தான் கரைந்தன. இனாயத் தன் வீட்டு அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு வந்த நான்கு தாள்களும் கரைந்தன. அவற்றில் எண்ணெய்க் கறை இருந்தது. வீட்டுக்குப் போகும்போது அவள் விரலிடுக்கில் கருப்பு மை ஏறியிருக்கும். சோறு பிசையக் கூசும்.

மறு புதன்கிழமை. மானிட்டர்களில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிராமல் இருந்தன. ஜலஜா சொன்னபடியே வந்து உட்கார்ந்தார். விதிகளை ஒரு தாளில் எழுதி முத்துலட்சுமி மேசைமேல் வைத்தாள். 'ஒரு தாள் வெளியே போனாலும் கீழே கையெழுத்திட்டவரே பொறுப்பு' என்பது கடைசி வரி.

கல்யாணராமன் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "நான் போட்டா நாளைக்கு நான்னா மாட்டிப்பேன்?" உரிமையாளரான டாக்டருக்குப் போன் போட்டார். யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் போடட்டும் என்று டாக்டர் வைத்துவிட்டார். இனாயத் ஊசி எடுத்துவைக்க உள்ளே போனான்.

"அப்ப யாரும் இல்லையா?" என்றார் ஜலஜா. கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

அதுவரை அந்த நிலையத்தில் முத்துலட்சுமி எதிலும் பெயர் எழுதியதில்லை. வருகைப் பதிவிலும் சம்பளச் சீட்டிலும் 'மு' என்று ஓரெழுத்துப் போடுவாள். அவளுக்கு அது போதும் என்று வந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இதில் போட்டால், யாரோ மறந்து ஒரு தாளைப் பையில் வைத்துக்கொண்டு போனாலும் போவது அவள் வேலைதான். அது அவளுக்குத் தெரியும். பேனாவை வாங்கிக்கொண்டாள்.

ஜலஜா தாளை இரண்டுமுறை படித்துவிட்டு மடித்தார். "அந்த நாலு பசங்க வருவாளோ மாட்டாளோ. இது இருக்கட்டும்," என்று பைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

அதன் கார்பன் பிரதிதான் இருநூறு பக்க நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அடியில், மை கொஞ்சம் இழுபட்டு, முழுப் பெயர்: மு. முத்துலட்சுமி. 23 அக்டோபர் 1996.