பாவா கட்டிய பச்சைக் கயிறு

சாம்பிராணிப் புகையும் கடற்காற்றின் உப்பும் கலந்து வரும் வாசம், எங்கே அடித்தாலும் இன்றைக்கும் எனக்கு அக்காவின் கல்யாணம்தான் ஞாபகம் வரும். திருவிடந்தைக்கு மேற்கே ஏரிக்கரையில் குடியிருந்த இருளர்கள் நாங்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், புடவைகளைக் கூடாரமாகக் கட்டித் தங்கி, விடியலில் ஈர மணலைக் குவித்து ஏழு படி பிடித்துக் கன்னியம்மாவைக் கும்பிட்டு, கையோடு கல்யாணங்களையும் அங்கேயே முடிப்பது இருளர் எல்லாருக்கும் வழக்கம்தான். எங்கள் வகையறாவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருந்தது. முதல்நாள் காலையில் கடலோரத்துத் தர்காவுக்குப் போய், சர்க்கரையும் பொட்டுக்கடலையும் வைத்துப் பாத்தியா ஓதவைத்து, மணப்பெண்ணின் மணிக்கட்டில் பச்சைக் கயிறு கட்டி வரவேண்டும். அதற்கு "பாவா கவுறு" என்று பெயர். தர்காவில் அடங்கியிருக்கும் பாவா கன்னியம்மாவுக்கு அண்ணன் முறை; அண்ணன் சம்மதிக்காமல் தங்கச்சி முன்னால் தாலி ஏறாது. தாலிக்கு முன் கயிறு அறுந்தால் பாவா மறுத்துவிட்டார், கல்யாணம் நின்றது என்று பொருள்.

என் அக்கா செல்விக்கு முருகனைப் பேசியிருந்தார்கள். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டும் இடத்தில் அக்கா சித்தாள், அவனும் எங்கள் ஆள்தான், கம்பி கட்டுகிறவன். கயிறு கட்டியதிலிருந்து அக்கா அந்தக் கையால் தண்ணீர்கூட மொள்ளவில்லை. அவன் கொடுத்த வளையலையும், கயிற்றில் உரசிவிடுமென்று, முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். கல்யாணம் பேசி முடித்த சமயத்தில்தான் அம்மாவின் தம்பி ஏகாம்பரம் மாமன் பெண்டாட்டியைப் பறிகொடுத்து, கைக்குழந்தைகளோடு நின்றார். "என் தம்பி புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்த நாதி இல்ல, இவளுக்குக் கம்பிக்காரன் கேக்குதா?" என்று அம்மா வழி நெடுக முனகிக்கொண்டே வந்தாள்.

பிற்பகல் வெயிலில் அம்மாவின் மடியில் தலைவைத்து அக்கா கண்ணயர்ந்தாள். அலையில் ஆடிக்கொண்டிருந்த நான், "ஐயோ, பாவா வாணாம்னுட்டாரே!" என்று அம்மா போட்ட கூச்சலைக் கேட்டு ஓடிவந்தேன். கயிறு மணலில் கிடந்தது. அக்கா அழவில்லை, அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அறுந்தா நூலு பிரிஞ்சி நிக்கும்மா. இது கத்தி பட்டது."

நண்டு நறுக்கும் கத்தி அம்மாவின் பக்கத்திலேயே கிடந்தது, பச்சை இழை ஒட்டியபடி. எல்லாரும்தான் பார்த்தார்கள். எங்கள் பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பாவா கத்தில அறுப்பாரு, பல்லால கடிப்பாரு, அது அவரு இஷ்டம். உனுக்கின்னா வந்துச்சி?"

கூட்டம் சிரித்தது. முருகன் வீட்டார் புடவைக் கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். மறுநாள் விடியலில், வெட்டிய அதே கயிற்றை முடிச்சுப் போட்டு அக்காவின் கையில் கட்டி, மாமனைத் தாலி கட்டவைத்தார்கள். இந்த முறை பாவாவுக்குச் சம்மதமாம். அறுபடுமா என்ன, அம்மா கையைப் பிடித்தபடியே நின்றாளே! எனக்குப் பாவாமேல் கோபமில்லை. அவர் பாட்டுக்குத் தம் கல்லறையில் படுத்திருந்தார்.

இப்போது எங்கள் பையன்கள், "அது நம்ம சாமி இல்ல" என்கிறார்கள். தர்காவிலும், மேளத்தோடு வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கடற்கரைக் கல்யாணங்களில் பெண்களின் கை வெறுமையாக இருக்கிறது. நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வேன். மாமன் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அம்மா ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டில்தான் படுக்கையாகக் கிடக்கிறாள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அக்காதான்.

போன மாதம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவா கவுறு ஒன்னு கொணாந்து கட்டுடி, எழுந்து நடந்துருவேன்" என்று கெஞ்சினாள். மனசு கேட்காமல் போய் வாங்கிவந்தேன். அக்கா அதை என்னிடமிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு காய் நறுக்கும் கத்தியை எடுத்து, அம்மாவின் கண்ணெதிரே, நடுவில் ஒரே வெட்டாக வெட்டினாள்.

"பாவா வாணாம்னுட்டாரும்மா."

துண்டுகளை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, கஞ்சி ஆற்றப் போனாள்.