சூடு பூட்டு எண் கேட்பதில்லை

போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளுக்கு அம்மாவும் அப்பாவும் ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அதை அவர்களே மறந்துவிட்டார்கள். தெருவுக்கு அவன் சூடு. எந்நேரமும் சூடான இரும்பும் பசையுமாகத் திரிவதால் வந்த பேர் என்று அவன் சொல்லிக்கொள்வான். பொய். "எப்பண்ணே ரெடியாகும்?" என்று இரண்டாம் தடவை கேட்டவர்களுக்கு உண்மை தெரியும்.

வயது முப்பத்திரண்டு. எந்தப் போனின் பூட்டையும் திறந்துவிடுவான். அதுதான் கோளாறே.

பதினேழு வயதில் அவனுக்கு ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதலில் வேடிக்கைக்குப் பார்த்தான், பிறகு மருந்துக்கு. காரணமே இல்லாமல் நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ளும். கை நடுங்கும், காது அடைக்கும், இதோ செத்தோம் என்று இருக்கும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தால் அடங்கும். அடங்கியதும் வெட்கம் வரும். வெட்கத்தின் பின்னாலேயே நெஞ்சடைப்பும் வரும். செக்குமாடு கூட இத்தனை சுற்றுச் சுற்றியிருக்காது.

கடைசியில் டாக்டரிடம் போனான். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு. இது பதற்றம். அது வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். நல்லா இருக்கு என்று சொன்னதில் வந்த எரிச்சலில் அவன் உண்மையைக் கக்கிவிட்டான். டாக்டர் முகம் சுளிப்பார் என்று பார்த்தான். சுளிக்கவில்லை. அதற்கும் அவனுக்குக் கோபம். "வாரா வாரம் வாங்க, பேசுவோம்" என்றார். போனான். பதற்றம் வந்தால் மூச்சை எண்ணச் சொன்னார். எண்ணினான், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வசவோடு.

வீட்டில் அக்காவிடம் மட்டும் சொன்னான். அவள் அவன் போனைப் பிடுங்கி, தனக்கு மட்டும் தெரிந்த எண்ணைப் போட்டுப் பூட்டிக் கொடுத்தாள். நாலு நிமிடத்தில் திறந்தான். எண்ணை மாற்றினாள். ஆறு நிமிடம்.

"டேய், நீ பூட்டு உடைக்கற பொழப்ப விட்டாத்தான் உருப்படுவ போல."

"அப்ப சோறு?"

"அத நான் போடறேன். இந்தக் கருமத்த விடுடா."

கடையின் கூட்டாளிக்கும் விஷயம் தெரிந்தது. "ஆம்பளைன்னா இதெல்லாம் சகஜம் மச்சான். ஒனக்குத்தான் என்னமோ வியாதி மாதிரி" என்று சிரித்தான். சூட்டுக்கு அவன் பல்லையே கழற்றிவிடலாம் போல வந்தது. செத்துச் செத்துப் பிழைக்கிறவனிடம் வந்து சகஜமாம்.

சூடு தன் போனை விற்றுவிட்டுப் பட்டன் போன் வாங்கினான். படம் பார்க்காமல் நாற்பத்தொரு நாள் ஓடியது.

நாற்பத்திரண்டாம் நாள் பகலில் வேன்கார அக்கா வந்தார். பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிறவர். வேனுக்கு ஹாரன் தேவையில்லை, அவர் குரலே போதும். திரை நொறுங்கிய போனைக் கொடுத்தார். அந்தக் கடை வழக்கப்படி பூட்டு எண்ணைச் சீட்டில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டிவிட்டுப் போனார். வேலை முடிந்ததும் திறந்து சோதிக்க வேண்டுமே.

அவர் போன கையோடு வேறொருத்தர் வந்து, தாமதமென்று கத்திவிட்டுப் போனார். கூட்டாளி சாப்பிடப் போயிருந்தான். நெஞ்சு ஆரம்பித்தது. சூடு மூச்சை எண்ணிக்கொண்டே புதுத் திரையைப் பொருத்தினான். சீட்டில் இருந்த பூட்டு எண்ணைப் போட்டான். தொட்டுப் பார்த்தான், சரி. கேமராவில் மேசையை ஒரு படம் எடுத்தான். விழுந்ததா என்று மூலையில் இருந்த குட்டிப் படத்தைத் தொட்டான். அதுவரை வேலை.

அதற்கப்புறம் கட்டைவிரல் ஒரு தள்ளு தள்ளியது.

வேனில் வாயைப் பிளந்து தூங்கும் இரண்டு பிள்ளைகள். இன்னொரு தள்ளு. கண்ணாடி முன்னால் வேன்கார அக்கா, புது உடுப்பில். நல்லா இருக்கா என்று யாரிடமும் கேட்க ஆளில்லாமல் தன்னிடமே கேட்டுக்கொள்கிற முகம். விரல் எதைத் தேடிப் போகிறதென்று அவனுக்குத் தெரிந்துபோனது. போனைக் கீழே வைத்துவிட்டு மேசையில் ஓங்கிக் குத்தினான். ஸ்க்ரூக்கள் எல்லாம் நாலு திசைக்கும் தெறித்தன.

இதுவரை அவன் கெடுத்தது தன்னை மட்டும்தான். இதை இன்று முழுங்கிவிட்டால், நாளை வருகிற எல்லாப் போனையும் இந்த விரல் தள்ளும்.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னான். "உங்க படங்களப் பாத்தேன். ரெண்டு. பாத்திருக்கக் கூடாது."

கூட்டாளி மேசைக்கடியில் அவன் காலை மிதித்தான்.

"என்ன படம்?"

சொன்னான். அவர் முகம் செத்துவிட்டது. கத்துவார் என்று பார்த்தால் குரல் இறங்கியது, அதுதான் தாங்கவில்லை.

"எதுக்குய்யா இப்ப சொல்ற?"

"சொல்லலன்னா நாளைக்கும் பாப்பேன்."

திரை ஒட்டுவதற்காகப் போட்டிருந்த கிளிப்புகளைப் பிய்த்தெறிந்துவிட்டுப் போனோடு போனார். உடனே கூட்டாளி, "கடைய இழுத்து மூடிடலாமா? ஊருக்கே தண்டோரா போடு" என்றான்.

"நீ எத்தன தள்ளு தள்ளியிருக்க, அதச் சொல்லு முதல்ல."

கூட்டாளி ஸ்க்ரூ பொறுக்கக் குனிந்துகொண்டான்.

மறுநாள் சூடு, பூட்டு எண் எழுதும் சீட்டுகளையெல்லாம் குப்பையில் போட்டான். சுவரைப் பார்த்திருந்த மேசையைத் தெருப்பக்கம் திருப்பினான். எதிரே ஒரு நாற்காலி. வாடிக்கையாளர் உட்கார்ந்து பார்க்கலாம், பூட்டை அவரே திறந்து அவரே சோதிக்கலாம். முடியாதென்றால் வேறு கடைக்குப் போகலாம். பாதிப் பேர் போனார்கள். நாற்காலியில் ஆள் இருக்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டால் ஓடி ஒளிய இடமில்லை. அடித்து ஓயும்வரை உட்கார்ந்தே இருந்தான். சில நாள் ஒரு மணி நேரம் ஆனது.

ஆறாம் நாள் வேன்கார அக்கா வந்தார். திரை ஒரு பக்கம் உரிந்து நின்றது.

"பசை காயறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"பேச்சு வேணாம். வேலையப் பாரு."

நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவன் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெஞ்சு தடதடவென்று கிளம்பியது.

"கை நடுங்குது."

"நடுங்கும். ஒட்டிடும்."

பசை காயும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கிளிப்பைக் கழற்றிப் போனை நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு, மறு கையால் திரையை மறைத்தார்.

"அந்தப் பக்கம் திரும்பு."

சூடு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பின்னால் பூட்டு எண் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவர் திரும்பச் சொல்லும்வரை அவன் திரும்பவில்லை. அவரும் சீக்கிரம் சொல்லவில்லை.